குடித்ததாகச் சொல்லப்படுகிறது

"பூச்சிக்கொல்லி மருந்து குடித்ததாகச் சொல்லப்படும் நிலையில் உறவினர்களால் கொண்டுவரப்பட்டார்."

மருத்துவமனையிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த சுருக்கத்தாளின் முதல் வரி இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தாளில் என் பெயர் சரி, வயது சரி, இரத்த வகை சரி. சேர்ந்த நாள் தை மாதக் கடைசிச் செவ்வாய், அதுவும் சரி. அந்த ஒரு வரி மட்டும் பொய். நான் மருந்து குடிக்கவில்லை.

அதைத் திருத்தித் தரச் சொல்லி ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீட்டில் சொல்லாமல் இரண்டு முறை பஸ் ஏறிப் போனேன். "நாங்களா சொன்னோம்? உங்க ஆளுங்க சொன்னதைத்தான் எழுதினோம்" என்றார்கள். எங்கள் ஆட்களில் யார் என்று கேட்டேன். அது தாளில் இல்லை.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உண்டு. எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்ட நாளும் தண்ணீர்த் தொட்டி இடிந்த நாளும் என்னிடம் இருக்கின்றன. என் விஷயத்தில் மட்டும் வேறு யாரோ சொன்னது பதிவாகி, நான் சொன்னது பதிவாகாமல் போனது. அதனால் இதை எழுதுகிறேன். கொல்லையில் மரம் வைத்து மருந்து அடிக்கிறவர்கள் படித்தால் வேறொரு பயனும் உண்டு.

எங்கள் கொல்லையில் இரண்டு மாமரங்கள். ஒன்று சப்பட்டை, மற்றது பஞ்சவர்ணம். தை பிறந்து பூ விரிந்ததும் தத்துப்பூச்சி வந்துவிடும். பூங்கொத்தைத் தட்டினால் பொரி தெறிப்பது போலத் தெறிக்கும். சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு பிசுபிசுப்பைக் கழித்துவிட்டுப் போகும். அதன்மேல் கரிப்பூஞ்சை படிந்து பூ கருகும். கூடவே சாம்பல் நோயும் வரும். பூச்சிக்கு ஒரு திரவ மருந்து, சாம்பலுக்கு ஒரு தூள், இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பது வழக்கம்.

இரண்டு மரத்துக்காரன் பூச்சிமருந்துக் கடைக்குப் போவதில்லை. கடையில் விற்கும் அளவு தோப்புக்காரர்களுக்கானது, மீதியை வீட்டில் எங்கே வைப்பது? அதனால் தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது தம்மிடம் மிச்சமிருப்பதை ஒரு காலிக் குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றித் தருவார். எங்கள் பக்கத்தில் பாதிக் கொல்லைகளின் மருந்து இப்படித்தான் வந்து சேருகிறது. எனக்குத் தந்தவன் மனைவியின் தம்பி கணேசன். மம்சாபுரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறான்.

"லிட்டருக்கு ரெண்டு மில்லி அத்தான். கூட ஊத்திராதீய, பூ கொட்டிரும். வடிச்ச கஞ்சி ஒரு செம்பு சேத்துக்கிடுங்க. எலையில பசை மாதிரி புடிச்சுக்கிடும்."

"இதுக்குப் பேரு என்னலே?"

"பேரு என்ன பேரு? தத்துப்பூச்சி மருந்து. போதாதா?"

நான் நூற்பு மில்லின் சோதனைக்கூடத்தில் நூலை அளந்து சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகும் கோடு போட்ட கண்ணாடிக் குவளை ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். பத்து லிட்டர் டேங்குக்கு இருபது மில்லி. குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, திரவத்தின் அடிவளைவு கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்து ஊற்றினேன். தூளைத் தனிச் சட்டியில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். திரவத்தை வேறு வாளியில் கரைத்தேன். கரைக்காமல் இரண்டையும் சேர்த்தால் பால் திரிவது போலத் திரிந்துவிடும். கையில் உறை போட்டிருந்தேன். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டு கட்டியிருந்தேன். அளவில் ஒரு துளிப் பிழையும் இல்லை.

கஞ்சியை மட்டும் வடிகட்டவில்லை.

ஆறிய கஞ்சியின் ஆடை போய், தெளிப்பான் குழாயின் முனையில் இருக்கும் பித்தளை நாசிலை அடைத்தது. குச்சியால் குத்தினால் துளை பெரிதாகி, தூறலாக விழ வேண்டியது தாரையாக விழும். அதனால் மருந்து அடிக்கிறவர்கள் நாசிலைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். தோப்புகளில் தினமும் பார்க்கலாம். நானும் துண்டை இறக்கிவிட்டு ஊதினேன். போகவில்லை. திருப்பி வைத்து உறிஞ்சினேன். ஆடை வாய்க்குள் வந்தது. துப்பினேன், குழாயில் ஒரு வாய் கொப்பளித்தேன், மறுபடியும் டேங்கை முதுகில் மாட்டினேன். மறுபடியும் அடைத்தது, மறுபடியும் உறிஞ்சினேன். மாமரம் உயரம், மேலே பார்த்து அடித்ததில் பாதி என் மேலேயே இறங்கியது. டேங்கின் மூடி வழியாகவும் கசிந்து முதுகுச் சட்டை நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

அன்று காலை வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. மகன் சரவணன் கோயம்புத்தூரில் இருக்கிறான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவனோடு வந்து இருக்கச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்கிறான். மனைவி பார்வதிக்குப் போக ஆசை, எனக்கு இல்லை. அன்று பேச்சு முற்றியது. "என் பொணந்தான் இந்த வீட்ட விட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுத்தான் கொல்லைக்குப் போனேன். கோபத்தில் எந்த வீட்டிலும் சொல்கிற பேச்சு. அதற்கப்புறம் அரை நாள்கூட ஆகாமல் நான் துணி துவைக்கும் கல்லில் சாய்ந்து வாயில் நீர் வழிய உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கண் மங்கியது. நல்ல வெயிலில் யாரோ விளக்கை இறக்கியது போல இருந்தது. அப்புறம் வேர்வை, எச்சில், வாந்தி. தொடைச் சதை தானாகத் துடித்தது. பார்வதி பக்கத்துத் தெரு ஆட்டோவைக் கூப்பிட்டாள். ராஜபாளையம் சந்தைக்கு வந்திருந்த கணேசனும் வந்து சேர்ந்துகொண்டான். அருகிலிருந்த சிறிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வேண்டாம்.

எனக்கு நினைவில் நிற்கும் கடைசிக் காட்சி அங்கே உள்ள பெஞ்சு. பார்வதி டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம், "மரத்துக்கு மருந்து அடிச்சாக. அடிச்சதுலருந்து இப்படி இருக்காக" என்றாள்.

"மருந்து அடிச்சாக் கொஞ்சம் கிறுகிறுப்பு இருக்கத்தான் செய்யும்மா. டோக்கன் போட்டிருக்கு. செத்த நேரம் உக்காருங்க, டாக்டர் வந்துருவாரு."

உட்கார்ந்தோம். எனக்கு முன்னால் ஒரு பல்வலி, ஒரு காய்ச்சல். அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில். மூக்கு வழியாகக் குழாய். இரண்டு கைகளும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன.

என்ன நடந்தது என்பதைப் பின்னால் இளம் மருத்துவர் ஒருவர் விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நரம்பு ஒரு சதைக்குக் கட்டளை அனுப்ப ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் அந்த ரசாயனத்தைத் துடைத்துவிட ஒரு நொதி இருக்கிறது. இந்த வகைப் பூச்சிமருந்து அந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். துடைக்க ஆள் இல்லாததால் கட்டளை நிற்பதில்லை. வாய் ஊறிக்கொண்டே இருக்கும், கண் வடிந்துகொண்டே இருக்கும், நுரையீரலுக்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும். கண்ணின் பாவை குண்டூசி முனையளவு சுருங்கிவிடும். தத்துப்பூச்சி சாவதும் இப்படித்தான்.

மாற்று மருந்தின் பெயர் அட்ரோபின். அது உடம்பை உலர்த்துகிறது. உலர்த்துவதோடு நிற்காமல் புத்தியையும் கலைக்கிறது. நான் விடாமல் காற்றில் நூல் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டு, "ஆறாம் நம்பர் மிஷினை நிறுத்துங்கடா" என்று நர்ஸுகளை அதட்டினேனாம். ஊசியைப் பிடுங்கியதால் கையைக் கட்டினார்கள். பார்வதி சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். எனக்கு நினைவிருப்பது தாகம் மட்டும். நாக்கு மரக்கட்டை போல அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் தரக்கூடாது என்று சொல்லியிருந்ததால் பார்வதி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். அவள் விரல் நுனி ஊறிச் சுருங்கியிருந்தது. அதை நான் மறக்கவில்லை. இதில் கசப்பாக எழுதப்போகும் எதுவும் அந்த விரல்களைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல.

தெளிந்த பிறகு தினமும் காலையில் மருத்துவர் வந்து, "தலையணையிலருந்து தலையத் தூக்குங்க பாப்போம்" என்பார். இந்த விஷத்தில் முதல் கண்டம் தாண்டிய பிறகு சிலருக்குக் கழுத்துச் சதை தளர்ந்துபோகும். அடுத்து மூச்சுவிடும் சதையும் தளர்ந்தால் இயந்திரத்தில் போட வேண்டும். ஒருநாள் என்னால் தூக்க முடியவில்லை. என் தலை என்னுடையதாக இல்லாமல் தலையணையில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது. மருத்துவர் நர்ஸிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அன்று முழுவதும் இயந்திரத்தைக் கட்டில் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் தலை ஒரு விரற்கடை எழுந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எந்த மதிப்பெண்ணுக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அந்தச் சந்தோஷம் பொது வார்டுக்கு மாற்றும் வரைதான்.

முதலில் வந்தவர் போலீஸ்காரர். விஷ நோயாளி வந்தால் மருத்துவமனை தகவல் கொடுக்க வேண்டும், அது விதி. அவர் கெட்டவரல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், கடனா? குடும்பத் தகராறா?"

"ரெண்டும் இல்லை. மரத்துக்கு மருந்து அடித்தேன். நாசில் அடைத்துக்கொண்டது. வாயால் உறிஞ்சினேன்."

"குவார்ட்டர் பாட்டில்ல இருந்துச்சாமே மருந்து?"

"ஆமாம். காலி பாட்டில்."

"பிராந்தியில கலந்தீங்களா?"

"நான் குடிக்கிறதில்லை."

"பாட்டில் எங்க?"

பாட்டில் இல்லை. போலீஸ் வரும் என்று கேள்விப்பட்டதுமே கணேசன் எங்கள் வீட்டுக்குப் போய் அதை எடுத்துக் கண்மாயில் எறிந்துவிட்டான். கொடுத்தது தான் என்பதால் தன்னைப் பிடித்துப் போடுவார்கள் என்று பயம். எனக்கு நல்லது செய்வதாகவும் நினைத்துக்கொண்டான்.

போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டு அன்பாகச் சொன்னார்: "இப்பல்லாம் இதுக்குக் கேஸ் கிடையாது சார், பயப்படாதீங்க. வயித்துவலி தாங்காமன்னு போட்டுக்கிடட்டுமா? யாருக்கும் சங்கடம் இருக்காது."

"எனக்கு வயிற்றுவலி இல்லை."

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுறது."

நான் சம்மதிக்கவில்லை. என் வாக்குமூலத்தை நான் சொன்னபடியே எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரிப்பது கேட்டது. பெயர் மாரியப்பன், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறவர். அவர் உண்மையாகவே குடித்தவர். அதை மறைக்கவும் இல்லை.

"அண்ணாச்சி, நானும் மொதநா இருமல் மருந்துன்னு நெனச்சு எடுத்துக் குடிச்சிட்டேன்னுதான் சொன்னேன். உங்களது அதைவிட நல்லா இருக்கு. நாசிலு! யோசிச்சிருக்கீய."

"யோசிக்கவில்லை அய்யா. நடந்தது."

"நடந்துச்சு, நடந்துச்சு. யாரு இல்லைன்னா? ரெண்டு நாள் போகட்டும், தன்னால வெளிய வரும். வந்தாத்தான் மனசு லேசாகும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வீட்டுக்காரம்மாவா, மகனா?" என்றார்.

அந்த வார்டில் என்னை முழு மனதோடு சேர்த்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். என்னைத் தன் இனமாக நினைத்துச் சேர்த்துக்கொண்டார்.

மனநல மருத்துவர் இளம்பெண். விஷ நோயாளி எல்லாரையும் அவர் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். நான் நாசிலின் அமைப்பை விளக்கினேன். ஒன்று வாங்கிவரச் சொன்னால் கழற்றிக் காட்டுவேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அன்னிக்குக் காலையில வீட்டுல ஏதாவது வருத்தமா?" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சண்டையைச் சொன்னேன். நான் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன். அவர் பேனா அதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது.

என் கடைசி நம்பிக்கை இரத்தப் பரிசோதனை. அந்த நொதி எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். வாயால் குடித்ததா, தோலில் பட்டதா என்று அதைப் பார்த்து எழுதித் தர முடியுமா என்று இளம் மருத்துவரிடம் கேட்டேன்.

"ரெண்டு வழியில போனாலும் ரத்தத்துல ஒண்ணுதான் சார். எம்புட்டுன்னு காட்டும். எப்படிப் போச்சுன்னு காட்டாது."

பார்க்க வந்தவர்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். "உனக்கு என்ன கொற? ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லிருக்கலாம்லா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் என் பெரியப்பா மகள். நாசில் கதையைச் சொன்னால் எல்லாரும் உடனே தலையாட்டினார்கள். நம்புகிறவன் இரண்டு கேள்வி கேட்பான். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மகன்தான் என்னை முடித்துவைத்தான். சரவணனும் நானும் எட்டாம் வகுப்பிலிருந்து வாதம் பண்ணாமல் பேசியதில்லை. அவன் வந்து கட்டிலில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டான். "அப்பா, நீங்க என்ன சொன்னாலும் சரிப்பா" என்றான். அந்தச் சொல்லைக் கேட்ட கணம் தெரிந்துவிட்டது, இனி நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று. பில் எவ்வளவு என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா" என்றான். இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் பினாயில் இல்லை. என் சவரக் கத்தி இல்லை. கொல்லைக் கதவில் புதுப் பூட்டு, சாவி பார்வதியின் இடுப்பில். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சித்திரையில் வீட்டை வாடகைக்கு விடுவதென்றும் நாங்கள் கோயம்புத்தூர் போவதென்றும் முடிவாகியிருந்தது. என்னைத் தனியாக விடக்கூடாது என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். நான் மறுத்துப் பேசினால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குடிக்காத மருந்துக்கு என் வீடு போகிறது.

அதனால்தான் அந்த முதல் வரியைச் சொன்னது யார் என்று தேட ஆரம்பித்தேன். அவர் ஒருவர் வாய் திறந்து, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சரவணனிடம் சொன்னால் போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை என்னோடு அதே ஆட்டோவில் வந்தவர்கள் இரண்டு பேர்தான். ஆட்டோ ஓட்டியவரையும் சேர்த்தால் மூவர்.

ஆட்டோக்காரர், "நான் வண்டிய விட்டு எறங்கவே இல்ல சார்" என்றார்.

கணேசன் துள்ளிக் குதித்தான். "நானா? மருந்து குடுத்தவனே நான். நான் போயி குடிச்சிட்டாருன்னு சொல்வேனா அத்தான்? என்னய என்ன கூமுட்டைன்னு நெனச்சீயளா?"

மாசி இரண்டாம் ஞாயிறு. பார்வதி கூடத்தில் பித்தளைப் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. "நான்தான் சொன்னேன்."

"என்னன்னு?"

"குடிச்சிட்டாகன்னு."

"ஏன்?"

"மொத ஆசுபத்திரியில உள்ளதத்தான சொன்னேன்? என்ன செஞ்சாக? டோக்கனக் குடுத்துப் பெஞ்சுல உக்கார வச்சாக. நீங்க பெஞ்சுலருந்து சரிஞ்சு விழுந்தீய. ரெண்டாவது ஆசுபத்திரிக்கும் போயி உள்ளதச் சொல்லிப் பல்வலிக்காரனுக்குப் பின்னால உக்காரவா? குடிச்சிட்டாகன்னு ஒரு சத்தந்தான் போட்டேன். நாலு பேரு ஓடி வந்தாக. தூக்கிக்கிட்டுப் போனாக. நீங்க இன்னிக்கு உக்காந்து கேள்வி கேக்கீய."

"அப்போ நான் குடிக்கலைன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் ஒரு செம்பை எடுத்துத் தாளைச் சுற்றினாள்.

"அன்னிக்குக் காலையில நீங்க பேசுன பேச்ச வேற யாரும் கேக்கல. நான் கேட்டேன்."

"தெரியுமா, தெரியாதா?"

"உசுரு வந்துட்டுல்ல. விடுங்க."

"சரி. சரவணன்கிட்ட இப்போ என்கிட்டச் சொன்னதைச் சொல்லிரு. அது போதும்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, குறும்பும் இல்லை. சந்தைக்குப் போகிறவரிடம் கேட்பது போலக் கேட்டாள்:

"சொன்னா நீங்க கோயமுத்தூருக்கு வருவீயளா?"

அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். சரவணனுக்கு இன்றுவரை அவள் சொல்லவில்லை. நானே சொன்னேன். "சரிப்பா" என்றான்.

இதுவரை தெரிந்தவற்றை எழுதிவிட்டேன். அந்த வரியைச் சொன்னது என் மனைவி. அதை அவளே ஒப்புக்கொண்டாள். டாக்டர்கள் ஓடிவர வேண்டும் என்பதற்காகச் சொன்னாள் என்பது அவள் தரும் காரணம். வேறு சாட்சி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவமனை வாசலில் சத்தம் போட்ட நேரத்தில், தான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்னும் உறுதியாகவில்லை.